போனது 38,500 ரூபாய்: முழுத்தாள் தபால்தலை வாங்குவோர் கவனத்துக்கு

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அடங்கிவிட்டால் நாகரிகமாக எழுதத் தோன்றும். என்னை ஏமாற்றி விற்ற ஆளுக்கு அது அதிகம்.

நான் வாங்கியது 1947-ஆம் ஆண்டின் மூன்றரை அணா ‘ஜெய் ஹிந்த்’ கொடித் தபால்தலையின் முழுத்தாள், அதாவது தபால்தலைகளைத் தனித்தனியாகக் கிழிக்காத அச்சுத்தாள். சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலை, நவம்பர் 21 அன்று வெளியானது, நாசிக்கில் அச்சடித்தது. தனியாக ஒன்று வேண்டுமென்றால் இது அப்படியொன்றும் அரிதல்ல. நான்கு ஓரங்களோடும் பின்புறப் பசையோடும், ஒரு வரிசைகூடப் பிரியாமல் கிடைப்பதுதான் அபூர்வம். கொடுக்கிற விலையும் அதற்காகத்தான்.

சேகரிப்புப் பொருள்களை ஏலம் விடும் ஓர் இணையதளத்தில் பார்த்தேன். விற்பனையாளரே தொலைபேசியில் பேசினார். “சார், மேல் ஓரத்தில் துருக்கறை இருக்கிறது. சொல்லாமல் விற்க மனம் வரவில்லை. இரண்டாயிரம் குறைத்துக்கொள்கிறேன்” என்றார். கறையை மட்டும் தனியாகப் படம் எடுத்தும் அனுப்பினார். தன் சரக்கின் குறையைத் தானே சொல்கிறவர் வேறு எதை மறைக்கப் போகிறார்? அன்று இரவே 38,500 ரூபாயை அனுப்பிவிட்டேன்.

தாள் வந்தது. பின்புறப் பசை பளபளவென்று மின்னியது. எழுபது வருடங்களுக்கு மேல் ஈரக்காற்றைக் குடித்த பசை அப்படி மின்னாது. தபால்தலை ஓரத்துத் துளைகளின் பற்களைத் தடவினால் விறைப்பாகக் குத்தின, பசை அவற்றின் நுனிவரை இறங்கியிருந்தது. பசை பூசிக் காய்ந்த பிறகுதான் தாளில் துளையிடுவார்கள். ஆகவே அசல் பசை என்றால் பற்களின் நுனியில் இறங்கியிருக்க வழியே இல்லை, இது பிறகு பூசிய பசை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். நடுவே இரண்டு வரிசைகளில் துளைகள் வட்டமாக இல்லை, அரைவட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகி நின்றன. அவற்றின் பின்னால் மெல்லிய காகிதப் பட்டை, அதன்மேல் புதுப்பசை. துண்டு துண்டாகச் சேர்த்து ஒட்டுப்போட்ட தாள்!

ரூபாய் நோட்டுகளைச் சோதிக்கும் சிறிய புற ஊதா விளக்கையும் காட்டினேன். தபால்தலைகள் மங்கலாகவே இருந்தன. மேல் ஓரம் மட்டும் நீலம் கலந்த வெள்ளையாக ஒளிர்ந்தது. வெண்மையூட்டும் ரசாயனம் கலந்த இக்காலக் காகிதம். அந்த நேர்மையான துருக்கறை இருந்தது அதே ஓரத்தில்தான். புதுக் காகிதத்தில் எழுபது வருடக் கறை எப்படி வந்தது என்று அவன்தான் சொல்ல வேண்டும்.

கேட்டேன். “வழியில் ஈரம் பட்டிருக்கும்” என்றான். பிறகு, “தபால்தலைகள் அசல்தானே சார்?” என்றான். அசல்தான், யார் இல்லை என்றது? அதற்குப் பிறகு அழைப்பை எடுப்பதே இல்லை.

இணையதளக்காரர்கள் அவனுக்கு மேல். பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ கேட்டார்கள், கொடுத்தேன். நிபுணர் சான்று கேட்டார்கள். அதை வாங்கி அனுப்பினால், திருப்பியனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. “நாங்கள் இடையில் இருப்பவர்கள் மட்டுமே” என்று அதன் கீழே ஒரு வரி. கமிஷன் பிடிக்கும்போது எங்கே இருந்தார்களாம்? 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி இத்தகைய தளத்தில் ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததைத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அந்த அலுவலரின் பெயரைத் தளத்தில் தேடித் தேடிக் கண் பூத்ததுதான் மிச்சம். 38,500 ரூபாய், ஒட்டுப்போட்ட காகிதத்துக்கு!

எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. பின்புறத்தின் படத்தைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த படமும் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். பற்களைத் தடவிப் பாருங்கள். ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ உடனே அழையுங்கள், நானும் அங்கே புகார் பதிந்திருக்கிறேன். அந்த ஆள் இன்று காலை இன்னொரு முழுத்தாளை ஏலத்துக்கு வைத்திருக்கிறான், இந்த முறை ஒன்றரை அணா. யாரோ ஏலம் கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள்.