வீடு வாங்கும் முன் சர்வேயரை வைத்து அளந்தோம்: கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது

பழைய வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வக்கீலிடம் பத்திரம் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வீடு யாருடையது என்று வக்கீல் சொல்லிவிடுவார். அந்த வீட்டு மனை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தரையில் காட்ட சர்வேயர்தான் வர வேண்டும். திருச்சி வயலூர் ரோடு பக்கம் தனி வீடு ஒன்றை முடிக்கும் முன் நாங்கள் ஒரு தனியார் சர்வேயரை அழைத்தோம். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது மருமகனோடு சேர்ந்து தூரத்தையும் கோணத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவி வைத்து அளந்து கொடுக்கிறார். எங்களிடம் வாங்கியது 6,000 ரூபாய்.

கருவியை இறக்கும் முன்பே அவர் கேட்டது காகிதங்களை: பத்திர நகல், பட்டா, புலப்படம் (சர்வே எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடம்), மனைப்பிரிவு வரைபடம், வீட்டின் அனுமதி வரைபடம். பட்டாவையும் புலப்படத்தையும் அரசின் இ-சேவை தளத்திலிருந்து காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். மற்றவற்றை வீட்டுக்காரர் கொடுத்தார். எல்லாவற்றையும் திண்ணையில் பரப்பி வைத்து, "அம்மா, முதல்ல இதைப் படிச்சுக் காட்டுங்க" என்று பத்திரத்தின் கடைசிப் பக்கத்தை என்னிடம் நீட்டினார். சொத்து விவரம். வடக்கே ரோடு, மேற்கே இன்னாருடைய மனை என்று நான்கு எல்லை, அதாவது செக்குபந்தி. இதன் மத்தியில் கிழமேல் 30 அடி, தென்வடல் 50 அடி, ஆக 1500 சதுர அடி.

பட்டாவில் அதே மனை 1.39 ஏர் என்று இருந்தது. ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் 1496 சதுர அடி வரும். நான்கு அடி எங்கே போனது என்று என் கணவர் பதறினார். தசமத்தில் விட்டுப்போனதுதான், அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம் என்றார் சர்வேயர். பத்திரம் அடியில் பேசும், புலப்படம் மீட்டரில் பேசும், இரண்டையும் தரையில் பொருத்திப் பார்ப்பதுதான் தன் வேலை என்று விளக்கினார்.

அப்புறம் கடப்பாரையோடு தெருமுனைக்குப் போனார்கள். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் மண்ணுக்குள் பாதி புதைந்திருந்த சர்வே கல்லை, அதாவது நில அளவைக்காக நட்ட எல்லைக்கல்லைத் தோண்டிச் சுத்தம் செய்து, அதை வைத்துத்தான் அளவைத் தொடங்கினார்கள். மருமகன் பிரிசம் பொருத்திய கம்பத்தோடு ஒவ்வொரு மூலையாக நிற்க, பெரியவர் கருவியில் பார்த்துக் குறித்துக்கொண்டார். வீட்டின் காம்பவுண்டு சுவரை அவர் ஆதாரமாக எடுத்துக்கொள்ளவே இல்லை. இவரிடம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். சுவருக்குச் சுவர் டேப் பிடித்து அளந்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் காசு வீண்.

விஷயம் மேற்குச் சுவரில் இருந்தது. தெருப்பக்கம் எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கும் சுவர், பின்னால் போகப்போக நம் மனைப் பக்கம் விலகி, கொல்லையில் 10 அங்குலம் உள்ளே வந்திருந்தது. வடபுறம் 30 அடி, தென்புறம் 29 அடி 2 அங்குலம். பரப்பு 1479 சதுர அடி. சுண்ணாம்புப் பொடியால் உண்மையான கோட்டை அவர் போட்டபோது, பின்பாதி பக்கத்து வீட்டின் துணி துவைக்கும் கல் மேல் ஏறிப் போனது. அதைப் பார்த்த பிறகு வீட்டுக்காரருக்கும் மறுப்புச் சொல்ல எதுவும் இல்லை.

செட்பேக், அதாவது எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய காலியிடம், என்றால் என்னவென்று எனக்குச் சரியாகப் புரிந்ததும் வீட்டுக்கும் மேற்குச் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் நின்றபோதுதான். அனுமதி வரைபடத்தில் மேற்கே 1 மீட்டர் காலியிடம் காட்டியிருக்கிறது. அதை எல்லைக்கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். காம்பவுண்டு சுவர் எங்கே நிற்கிறது என்பது கணக்கில் வராது. காகிதத்தில் 1 மீட்டர் இருக்கும் சந்து கொல்லைப்பக்கம் 2 அடி 5 அங்குலமாகக் குறுகிவிட்டது. கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அதில் நுழைய முடியாது. கிழக்குப் பக்கக் காலியிடத்தில் அனுமதியில் இல்லாத ஒரு குளியலறை. வாசல் படியும் வண்டி ஏற்றும் சரிவும் ரோட்டில் இருந்தன. அவை மனையில் சேராது.

நாளைக்கு இடித்துக் கட்டினால் பழைய வரைபடம் உதவாது, 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளைத்தான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். முன்பக்கம் எவ்வளவு விட வேண்டும் என்பது ரோட்டின் அகலத்தைப் பொறுத்தது. கட்டக்கூடிய தளப்பரப்பு சாதாரணமாக மனையைப் போல இரண்டு மடங்கு. 21 சதுர அடி குறைந்தால் கட்டுமானத்தில் 42 சதுர அடி போகிறது. விலை பேசும்போது இந்தக் கணக்கு எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது. பத்திரத்திலும் நான்கு பக்க அளவையும் தனித்தனியாக எழுதி, அவர் போட்ட வரைபடத்தை இணைத்தோம்.

குறைகளும் உண்டு. வரைபடம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது; என் மாமனாருக்கு நான்தான் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டாருக்கு முன்கூட்டியே தகவல் சொல்லியிருந்தால் அன்று தெருவில் அவ்வளவு சத்தம் வந்திருக்காது. தனியார் சர்வேயர் கொடுக்கும் வரைபடம் பக்கத்து மனைக்காரரைக் கட்டுப்படுத்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அரசு நில அளவைக்கு விண்ணப்பித்து, அரசு சர்வேயரை வைத்துத்தான் எல்லையை அளக்க வேண்டும். அதற்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

யாரை வைத்தாலும், எந்தக் கல்லிலிருந்து அளக்கப் போகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். வேலை முடிந்ததும் அச்சிட்ட தாளோடு வரைபடத்தின் ஆட்டோகேட் கணினிக் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் மாடி எடுக்கும்போது இன்ஜினியர் முதலில் கேட்பது அதைத்தான்.