139 யூரோ பாரிஸ் பஸ்: சீட்டுக்கும் கட்டிலுக்கும் மட்டும் காசு கட்டுங்கள்

ஸ்டுட்கார்ட்டில் படிக்கிற நான் லீவுக்கு வெள்ளவத்தைக்கு வந்து இறங்கி இன்னும் ஒரு கிழமை ஆகவில்லை. அதற்குள் கோதே நிறுவனத்தில் ஜேர்மன் படிக்கிற தங்கச்சியின் வகுப்புக் கூட்டம் முழுக்க ஒரே கேள்வியோடு வந்து நிற்கிறது: "அக்கா, அந்த ஸ்டூடன்ட் பஸ்ஸில பாரிஸ் போனீங்களாம், எப்பிடி, போகலாமா?" ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்பில் வொய்ஸ் போட்டுத் தொண்டை போய்விட்டது, அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: ஜேர்மனியில் வெளிநாட்டு மாணவர்களையே நம்பி வார இறுதிச் சுற்றுலா நடத்துகிற கம்பனிகள் சில இருக்கின்றன. நான் போனதன் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் வேறொன்றில் போன நண்பர்கள் சொன்ன கதையும் கிட்டத்தட்ட இதேதான். வெள்ளி இரவு ஏற்றுவார்கள், சனி ஞாயிறு ஊர் காட்டுவார்கள், ஞாயிறு இரவு திருப்பிக் கொண்டுவந்து கொட்டுவார்கள். பஸ், ஒரு இரவு ஹோட்டல், காலைச் சாப்பாடு, கூட ஒரு வழிகாட்டி, எல்லாம் சேர்த்து 139 யூரோ. நம்முடைய காசில் 50,000 ரூபாய்க்குப் பக்கம். விசாவுக்காக வங்கியில் முடக்கிவைத்த பணத்தில் இருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும், அதில் வாடகையும் இன்சூரன்சும் போக மிஞ்சுகிறதில் 139 என்பது சின்னத் தொகை இல்லை. மூன்று நாள் யோசித்துத்தான் கட்டினேன்.

கட்டினது வீணா என்றால், இல்லை. ஸ்டுட்கார்ட்டில் இருந்து பாரிசுக்கு வார இறுதியில் கடைசி நேரத்தில் ரயில் டிக்கெட் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் காசில் போய் வருவதோடு படுக்கக் கட்டிலும் கிடைப்பது நல்ல பேரம். அந்த இரண்டுக்கு மட்டும் என்று நினைத்துக் கட்டுங்கள். அதற்கு மேல் அவர்கள் நீட்டுகிற எதற்கும் பர்ஸைத் திறக்காதீர்கள். நான் திறந்தேன், அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

2025 ஒக்டோபர் 24, வெள்ளி இரவு பத்தரைக்கு ஏறினோம். நாங்கள் ஐந்து பேர்: நான், கொட்டாஞ்சேனைத் தோழி ஒருத்தி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி, சென்னைப் பையன், மாஸ்டர்ஸ் செய்கிற மதுரை அண்ணா. கொழும்புக் காலி வீதியில் நின்று இரவு பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய்ப் பழகின உடம்புக்கு இந்தப் பஸ் ஒன்றும் கஷ்டமில்லை, ஆட்டம் இல்லை, படம் போட்டுக் காதைக் கிழிக்கிற வேலையும் இல்லை. ஆனால் 620 கிலோமீற்றர், சீட் சாய்வதும் கொஞ்சம்தான், கழுத்துக்கு ஒன்று கொண்டுபோங்கள். டிரைவர் நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம், அதனால் நடுச்சாமத்தில் பஸ்ஸை நிறுத்தி லைட்டைப் போடும்போது திட்டாதீர்கள். இன்னொன்று, ஜேர்மன் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் கழிப்பறைக்குள் போக பெரும்பாலும் 1 யூரோ போட வேண்டும் (அதற்கு ஒரு கூப்பன் தருவார்கள், அதை வைத்து அங்கேயே கோப்பி வாங்கலாம்), எல்லை தாண்டி பிரான்ஸ் பக்கம் போனால் இலவசம். அடக்க முடிந்தவர்கள் அடக்கலாம்.

காலை ஆறே முக்காலுக்குப் பாரிஸ். இங்கேதான் முதல் கோபம். ஹோட்டல் அறை கிடைப்பது இரவுதான் என்று நாங்கள் காசு கட்டின பக்கத்தில் எங்கேயோ அடியில் இருந்ததாம். பைகளைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கச் சொன்னார்கள். பிரஷும் பேஸ்டும் பைக்குள், பை பஸ்ஸுக்குள், பஸ் போய்விட்டது. கோப்பிக் கடைக் கழிப்பறையில் ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராக விரலால் பல் விளக்கினோம். சாவி கைக்கு வந்தது இரவு பத்தரைக்கு, பஸ் ஏறிச் சரியாக 24 மணித்தியாலம் கழித்து. பல் விளக்கிற சாமானைக் கையோடு ஒரு சின்னப் பையில் வையுங்கள், இந்த முழு எழுத்திலும் உங்களுக்கு மெத்தப் பிரயோசனமான வரி இதுதான்.

வழிகாட்டி நல்ல பிள்ளை, எங்களைப்போல ஒரு மாணவி, பாரிசுக்கு வருவது அவளுக்கே அது இரண்டாவது தரமாம். மைக் இல்லை, ஐம்பது பேர் கூட்டத்தில் பின்னால் நின்றவர்களுக்கு மஞ்சள் குடை மட்டும்தான் தெரிந்தது. நோத்ர டாம் வாசலில் அவள் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை, நாங்களே வரிசையில் நின்று உள்ளே போய்விட்டோம். 2019 ஏப்ரலில் எரிந்து 2024 டிசம்பரில் திரும்பத் திறந்த கோயில், உள்ளே கல்லெல்லாம் நேற்றுக் கட்டினதுபோல வெளுப்பாக இருக்கிறது. நுழைவு இலவசம்.

இப்போது அந்த பர்ஸ் கதை. பஸ்ஸில் ஏறினதுமே ஒரு தாளை அனுப்பினார்கள், லூவ்ர் அருங்காட்சியகப் பக்கேஜ் 45 யூரோ, இரவு ஊர்வலமும் படகும் 35 யூரோ, விரும்பினவர்கள் பெயருக்கு நேரே புள்ளடி போடலாம் என்று. கொட்டாஞ்சேனைத் தோழி லூவ்ருக்குப் போட்டாள், நான் படகுக்குப் போட்டேன். தம்பி தங்கச்சிமாரே, இதைக் கவனமாக வாசியுங்கள்: ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றில் வதிவிட அட்டை இருக்கிற 26 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு லூவ்ர் இலவசம். உங்களிடம் இலங்கைப் பாஸ்போர்ட் இருந்தாலும் சரி, பார்க்கிறது நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பதைத்தான். இணையத்தில் சுழிய யூரோ டிக்கெட் ஒன்றை நேரம் போட்டு எடுத்து, வாசலில் அட்டையைக் காட்டினால் போதும். ஓர்சே அருங்காட்சியகமும் வெற்றி வளைவும் அப்படித்தான். நானும் மற்ற இரண்டு பேரும் ஒரு சதம் கொடுக்காமல் உள்ளே போனோம், மதுரை அண்ணாவுக்கு 27 வயது, அவர் 22 யூரோ கட்டினார், எங்கள் தோழி 45 கட்டி எங்களுக்குப் பின்னால் வந்தாள். கம்பனிக்கு இந்தச் சலுகை தெரியாமல் இருக்காது. சொல்லவில்லை, அவ்வளவுதான். ஏமாற்று என்று சொல்லமாட்டேன், ஆனால் பக்கத்து வீட்டு அக்கா என்றால் சொல்லியிருப்பாள்.

லூவ்ரில் நகைத் திருட்டு நடந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை அப்போது. ஒக்டோபர் 19 பட்டப்பகலில் ஏணி லொறியை வைத்து ஏறி அரச நகைகளை அள்ளிக்கொண்டு போனார்களே, அதுதான். அந்த நகைகள் இருந்த அப்பொலோ கூடம் பூட்டிக் கிடந்தது, மூடின கதவைப் படமெடுக்கவும் ஒரு கூட்டம். மோனா லிசா 77க்கு 53 சென்றிமீற்றர்தான், எங்கள் வீட்டுச் சாமி அறையில் மாட்டியிருக்கிற முருகன் படம் அதைவிடப் பெரிது, அதன் முன்னால் நின்ற சனத்தைப் பார்த்தால் மட்டும் நல்லூர் தேர்.

35 யூரோ இரவு ஊர்வலம் என்பது பஸ்ஸில் இருந்தபடியே ஜன்னலால் எட்டிப் பார்ப்பது. படகு நன்றாக இருந்தது, மறுக்கவில்லை, சேன் ஆற்றில் ஒரு மணித்தியாலம். ஆனால் படகுத்துறைக்கு நீங்களாகவே நடந்து போனால் இருபதுக்குள் முடிந்துவிடும். எட்டு மணிக்கு ஈபிள் கோபுரம் மினுங்கத் தொடங்கியது, இருட்டின பிறகு மணிக்கு ஒரு தரம் ஐந்து நிமிடம் அப்படி மினுங்கும், ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் ஃபோனைத் தூக்கினார்கள். 330 மீற்றராம். எங்கள் தாமரைக் கோபுரம் ஏறத்தாழ 350 என்று நான் சொல்ல, சென்னைப் பையன் கூகுளில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வாயை மூடினான். (அழகில் போட்டி இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.)

ஹோட்டல் சுற்றுவட்டச் சாலைக்கு வெளியே எங்கேயோ. துப்புரவாக இருந்தது, சுடுதண்ணி வந்தது, காணும். சுற்றுலா வரி என்று ஆளுக்குச் சில யூரோ அங்கேயே கையில் கேட்டார்கள், 139இல் அது இல்லை. காலைச் சாப்பாடு பாணும் ஜாமும். என் பையில் சீனிச்சம்பல் போத்தல் இருந்தது, பக்கத்து மேசை மெக்சிக்கோப் பிள்ளைகள் இரண்டு தரம் கேட்டு வாங்கிப் பூசினார்கள்.

அந்த ஞாயிறுதான் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுகிற நாள், ஒக்டோபர் கடைசி ஞாயிறு. வழிகாட்டி அதைச் சொல்ல மறந்துவிட்டாள், கைக்கடிகாரத்தை நம்பின மதுரை அண்ணா ஒரு மணித்தியாலம் முந்தியே குளிரில் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நின்றார். அம்மாவும் வழக்கமான கொழும்பு நேரத்துக்கே எடுத்தார், மூன்றரை மணித்தியால வித்தியாசம் நாலரை ஆகிவிட்டது அவருக்குத் தெரியாது, நான் நித்திரைக் குரலில் கதைத்ததும் "காய்ச்சலோ?" என்று பயந்துபோனார்.

ஞாயிறு காலை மொன்மாத் குன்றில் இறக்கிவிட்டு நாலரை வரைக்கும் உங்கள் பாடு என்றார்கள். கம்பனி செய்த ஆகப்பெரிய உபகாரம் இதுதான். அடிவாரத்து ஆன்வேர் நிலையத்தில் 2ஆம் இலக்க மெட்ரோ, டிக்கெட் அப்போது 2.50 யூரோ, இரண்டாவது தரிப்பு லாச்சப்பல். படியிறங்கி ரோட்டுக்கு வந்தால் தமிழ்ப் பெயர்ப்பலகை, வல்லாரைக் கட்டு, முருங்கைக்காய், நகைக்கடை, இடியப்பம் அவிகிற வாசம். 1985இல் தொடங்கின மாணிக்க விநாயகர் கோயிலும் நடக்கிற தூரத்தில்தான். ஆகஸ்ட் கடைசியில் தேர் இழுப்பார்கள். ஒரு கடையில் கொத்து ரொட்டி சொல்லிவிட்டு உட்கார்ந்தோம், தட்டைக் கொண்டுவந்த அண்ணா என் முகத்தைப் பார்த்துவிட்டு,

"தங்கச்சி கொழும்போ?"

"ஓம் அண்ணா, வெள்ளவத்தை."

"வெள்ளவத்தையில எவடம்?"

"ராமகிருஷ்ணா ரோட்டடி."

அவர் பாரிசுக்கு வர முன்னம் இரண்டு வருடம் அந்த ரோட்டு லொட்ஜில்தான் விசாவுக்குக் காத்திருந்தாராம். காசு வாங்கினார், குறைக்கவில்லை. ஆனால் வெளிக்கிடும்போது கடதாசிப் பையில் ஆறு ரோல்ஸ் போட்டு என் கையில் திணித்தார்.

திரும்பும் வழியில் ரைன் ஆற்றைத் தாண்டினதும் ஜேர்மன் பொலிஸ் பஸ்ஸை மறித்தது. 2024 செப்டெம்பரில் இருந்து எல்லா நில எல்லையிலும் சோதனை இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை வதிவிட அட்டையை மட்டும் கொண்டுவந்திருந்தாள், பாஸ்போர்ட் விடுதி மேசையில். அவளைக் கீழே இறக்கி விசாரித்து முடிக்க நாற்பது நிமிடம், பஸ்ஸில் இருந்த எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். இரண்டும் வேண்டும், ஃபோனில் இருக்கிற படம் காணாது. இதை இங்கே அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: "சண்டைக் காலத்து ஓமந்தைச் சோதனைச் சாவடி மாதிரியே, பையெல்லாம் கொட்டிப் பார்த்தவங்களோ?" இல்லை அம்மா, பையைத் தொடவே இல்லை.

ஸ்டுட்கார்ட்டில் இறக்கும்போது இரவு இரண்டு மணி. ஞாயிறு இரவு அந்நேரத்துக்கு எஸ்-பான் ஓடாது, விடியற்காலைதான் முதல் ரயில், இதையும் முன்பே யாரும் சொல்லவில்லை. நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிற நண்பர் யாராவது இருந்தால் முதலே சொல்லிவையுங்கள். எங்களுக்கு யாரும் இல்லை. வாங்கில் ஐந்து பேரும் நெருங்கி உட்கார்ந்து ஆறிப்போன ரோல்ஸைச் சாப்பிட்டோம், ஆறாவதை மதுரை அண்ணாவுக்கே கொடுத்தோம். அப்போதுதான் ஃபோனில் கம்பனியின் மெசேஜ் வந்தது, பயணம் எப்படி, எத்தனை நட்சத்திரம் என்று. மூன்று போட்டேன், அதில் இரண்டு டிரைவருக்கு.