மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா: ஷோரூமில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் காரைத் தேர்ந்தெடுப்பது யார்?

காரைக்குடிப் பக்கத்தில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைப்பவர் திருச்சிக்கோ மதுரைக்கோ போகிறார். பட்ஜெட் கோடியைத் தொட்டால் சென்னைக்கு. போய் நின்றதும் பலருக்கும் ஒரே எரிச்சல். மேனுவல் கியர் கேட்டால் “புக் பண்ணிடுங்க சார், வந்துரும்” என்கிறார்கள். உடனே கிடைப்பது வெள்ளை நிறத்தில், சன்ரூஃபோடு, ஆட்டோமேட்டிக். டீலருக்கு ரசனை இல்லை என்று திட்டிவிட்டுத் திரும்புவதில் பயனில்லை. அவர் வண்டியைத் தேர்ந்தெடுப்பது வட்டிக் கணக்குப் பார்த்து. ஐந்தொகை எழுதிப் பழகிய நம் ஊரில் இதை விளக்கவே வேண்டியதில்லை.

ஷோரூம் ஸ்டாக்கில் பெரும்பகுதி கடனில் எடுத்தது. வட்டி ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1 கோடி ரூபாய் வண்டி சும்மா நிற்பதற்கு நாளொன்றுக்குச் சுமார் 2,740 ரூபாய் ஆகிறது. மாதம் 83,000 ரூபாய்க்கு மேல். 20 லட்ச ரூபாய் வண்டிக்கு நாளைக்கு 550 ரூபாய்க்குள் முடிந்துவிடும். டிசம்பரில் தயாரான வண்டி ஜனவரி பிறந்ததும் ‘போன வருஷ வண்டி’ ஆகிவிடுகிற அடி வேறு. எனவே ஓட்ட எது நன்றாக இருக்கும் என்பது டீலரின் கேள்வி இல்லை. நாளைக்கே உள்ளே வருகிற பத்துப் பேரில் எத்தனை பேர் இதை வேண்டாம் என்பார்கள் என்றுதான் பார்க்கிறார்.

இந்தக் கேள்வியில் மேனுவல் தோற்றுவிடுகிறது. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பித்தளைப் பாத்திரம் தினமும் விலைபோகும், செதுக்கிய பர்மாத் தேக்குக் கதவு தனக்கான ஆள் வரும்வரை சாய்ந்தே நிற்கும். டீலர் வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டில் மேனுவல் அந்தக் கதவு. விரும்புகிறவர் உயிராக விரும்புவார், ஆனால் அவர் என்றைக்கு வருவார் என்று யாருக்கும் தெரியாது.

கம்பெனிகளும் இந்தக் கணக்கைத்தான் போடுகின்றன. ஹூண்டாய் ஐ20 என் லைன் 2021-இல் வந்தபோது கியரைக் கையால் மாற்றினாலும் கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி, ஏழு கியர் டிசிடி எனும் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் என்று இரண்டுதான். கிளட்ச் மிதித்து ஓட்டும் ஆறு கியர் மேனுவல் 2023-இல்தான் கிடைத்தது. ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி, 150 பிஎஸ் டர்போ எஞ்சினோடு 2022-இல் இறங்கியபோது டிஎஸ்ஜி எனும் அதன் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் மட்டுமே; மேனுவல் அடுத்த வருடம். ஜப்பான்காரர்களும் விதிவிலக்கில்லை. டொயோட்டா சுப்ரா 2019-இல் ஆட்டோமேட்டிக்காக மட்டும் வந்து, ரசிகர்கள் விடாமல் கேட்டபின் 2022-இல் மேனுவலும் பெற்றது. அமெரிக்க கார்வெட் 2020 மாடலோடு மேனுவலைக் கைகழுவியே விட்டது.

சரி, ஓட்டுகிறவருக்கு எது? பிஎம்டபிள்யூ எம்2-ஐ எடுத்துக்கொள்ளலாம், அதில் இரண்டும் உண்டு. இப்போதைய 480 பிஎஸ் வண்டியில் ஆட்டோமேட்டிக்குக்கு 600 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை), மேனுவலுக்கு 550. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட முன்னதற்கு 4.0 விநாடி, பின்னதற்கு 4.2. கணக்கில் ஆட்டோமேட்டிக்தான் ஜெயிக்கிறது. மேனுவல் வாங்குகிறவர் விநாடிக்காக வாங்கவில்லை. கைக்கும் காலுக்கும் வேலை வேண்டும் என்பதற்காக வாங்குகிறார். அந்த ஆசையை டீலரால் ஸ்டாக் கட்டி வைக்க முடியாது.

செட்டிநாட்டு வீடுகளில் இன்னொன்றும் இருக்கிறது. வாங்குகிறவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று வரும்போது வண்டி எடுப்பார். மற்ற நாளில் வீட்டு டிரைவர், தம்பி, எப்போதாவது ஆச்சி. வண்டியைப் பலர் ஓட்டும் வீட்டுக்கு ஆட்டோமேட்டிக்தான் பொருந்தும், இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரே ஒரு குறை. விர்ட்டஸ், ஐ20 இரண்டின் இரட்டைக் கிளட்ச் பெட்டியும் உலர் வகை, அதாவது கிளட்ச் எண்ணெயில் நனைந்து குளிராது. பிள்ளையார்பட்டி சதுர்த்திக் கூட்டத்திலோ கல்யாண வீட்டு வாசலிலோ அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளட்ச் சூடேறும். பிரேக்கை அழுத்தி நின்று, இடைவெளி கிடைத்தபின் நகர்வது நல்லது. எம்2-இன் ஆட்டோமேட்டிக், எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் பெட்டி; அதற்கு இந்தத் தொல்லை குறைவு.

ஆப்ஷன்களுக்கு வருவோம். இருபது லட்சத்துக்குள் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை, கம்பெனியே வேரியன்ட்டாகக் கட்டித் தருகிறது. டீலர் டாப் எண்ட் எடுத்து வைப்பார். போர்ஷே 911 மாதிரி வண்டியில்தான் விளையாட்டு. நீளமான பட்டியலில் சீட், எக்ஸாஸ்ட், பிரேக், தையல் நூலின் நிறம் வரை தனித்தனி விலை. அங்கே டீலர் கையில் இரண்டு வழி.

முதல் வழி, யாரும் முகம் சுளிக்காத ஆப்ஷன்களாகப் போடுவது: ஸ்போர்ட் குரோனோ எனும் ஸ்போர்ட்ஸ் ஓட்டத்துக்கான பேக்கேஜ், நல்ல ஆடியோ, பதினான்கோ பதினெட்டோ வழியில் திருப்பக்கூடிய சீட். இரண்டாவது வழி, ரேஸ் டிராக் பிரியருக்கான செராமிக் பிரேக், மடங்காத பக்கெட் சீட். இரண்டாவது வண்டி படத்தில் அழகு. ஆனால் பக்கெட் சீட்டில் அப்பச்சியை உட்கார வைத்து இறக்கிப் பாருங்கள், டீலர் ஏன் பயப்படுகிறார் என்று புரியும்.

என்னைக் கேட்டால் நம் சாலைக்கு முதலில் பார்க்க வேண்டியது முன் அச்சைத் தூக்கும் லிஃப்ட். 911-இல் அது மூக்கைச் சுமார் 40 மில்லிமீட்டர் உயர்த்துகிறது. கார்வெட்டின் லிஃப்ட் ஜிபிஎஸ் மூலம் 1,000 இடங்கள் வரை நினைவில் வைத்து, அந்த இடம் வந்ததும் தானே தூக்கிக்கொள்ளும். காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் போய்வருவதற்குள் எத்தனை இடம் பதிவாகும் என்று ஸ்பீடு பிரேக்கர்களை எண்ணினவர்தான் சொல்ல வேண்டும்.

வரியையும் மறக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கு ஆப்ஷன் சேர்த்தால் அது பில்லில் ஏறி, ஆர்டிஓவில் இன்னொரு லட்சமாகத் திரும்புகிறது. விற்கும்போது அந்த ஆறு லட்சத்தை யாரும் தரப்போவதில்லை.

நிறத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். வெள்ளை, சாம்பல், கறுப்பு ஸ்டாக்கில் இருக்கும். மஞ்சள் வேண்டுமென்றால் புக்கிங்.

ஆக, ஆட்டோமேட்டிக் போதும், பொதுவான ஸ்பெக் போதும் என்பவர் ஸ்டாக்கில் எடுக்கலாம், காத்திருக்கத் தேவையில்லை. லிஃப்ட், குறிப்பிட்ட சீட், குறிப்பிட்ட நிறம் என்று மனதில் இருந்தால் ஆர்டர் போடுங்கள். டீலர் தேர்ந்தெடுத்ததை வாங்கிவிட்டுப் பிறகு புலம்பாதீர்கள். மேனுவல் தேடுபவருக்கு மட்டும் மூன்றாவது வழி உண்டு. வேறு யாரோ புக் செய்து கைவிட்ட மேனுவல் யார்டில் நிற்கிறதா என்று மூன்று, நான்கு ஊர்களில் விசாரியுங்கள். தயாரான மாதத்தைக் கேளுங்கள். மூன்று மாதம் தாண்டியிருந்தால் அதுவரை ஏறிய வட்டியைக் கணக்குப் போட்டுக்கொண்டு, பேரத்தை அங்கிருந்து தொடங்கலாம். வெள்ளை ஆட்டோமேட்டிக்குக்கு இதே பேச்சைப் பேசினால் ஒரு செட் ஃப்ளோர் மேட் கிடைக்கும்.