பதினெட்டுக்குப் பிறகு: வளர்த்த வீடா, வழிகாட்டியா?

தென்னாப்பிரிக்காவில் வளர்ப்புக் குடும்பப் பராமரிப்பு (பெற்றோரிடம் வாழ முடியாத பிள்ளையை வேறொரு குடும்பம் வளர்ப்பது) பொதுவாக 18 வயதோடு முடிகிறது. ஆனால் 2005ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 176ஆம் பிரிவின்படி, படிப்போ தொழிற்பயிற்சியோ முடியாதவர், வளர்ப்பவர் சம்மதித்தால், 21 வயதாகும் ஆண்டின் இறுதிவரை அங்கேயே தொடரலாம். மாகாண சமூக வளர்ச்சித் துறைத் தலைவரின் அனுமதி தேவை. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இப்படித் தங்கும் தமிழ்ப் பிள்ளைக்குத் தீபாவளியன்று போய் நிற்க ஒரு வாசல், சண்டை போட ஓர் அக்கா மிஞ்சுவார்கள். படிப்பை விட்டவருக்கு இந்த வழி இல்லை (அவருக்குத்தானே வீடு அதிகம் வேண்டும்!).

கோயிலில் பழகிய ஒரு மாமா வழிகாட்டியாக நிற்பது மற்றொரு வழி. விண்ணப்பம் இல்லை, வயது வரம்பு இல்லை. தலைக்குமேல் கூரையும் இல்லை. நான் வீட்டின் பக்கம். வளர்த்தவர் கைவிரித்தால் மாமாவைத் தேடலாம், அதுவும் 17 வயதிலேயே.