ஐந்து மணி அட்டவணையா, ஏழு மணி வரிசையா?

அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தேன். 5.00 எழுவது, 5.05 தண்ணீர், 5.15 தியானம், 5.35 உடற்பயிற்சி, 6.05 குளியல், 6.25 வாசிப்பு, 6.45 அன்றைய திட்டம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் அடிக்க ஒரு கட்டம். எட்டு நாள் எல்லாக் கட்டமும் நிரம்பியது. ஒன்பதாம் நாள் கண் விழித்தபோது மணி 5.25. காலைத் தரையில் வைப்பதற்குள்ளேயே மூன்று கட்டம் போச்சு. சரி, இன்றைக்கு விடு, நாளையிலிருந்து ஒழுங்காக ஆரம்பிக்கலாம் என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். அந்த ‘நாளை’ வருவதற்கு நான்கு மாதம் ஆனது.

அதற்கப்புறம் காலை வழக்கத்தில் வேறு வேறு முறைகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தேன். பொதுவாக இந்த மாதிரி ஒப்பீடுகளில் எதில் பலன் அதிகம் என்றுதான் பார்ப்பார்கள். நான் வைத்துக்கொண்ட அளவுகோல் வேறு: முந்தின இரவு தூக்கம் கெட்ட நாளில் எது தாக்குப்பிடிக்கிறது? நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் எந்த முறையும் வேலை செய்யும். முறையே இல்லாவிட்டாலும் அந்த நாள் நன்றாகத்தான் போகும்.

அதிகாலையா, அவரவர் நேரமா?

தத்துவ உலகத்திலிருந்தே இரண்டு பேரை எடுத்துக்கொள்ளலாம். இம்மானுவேல் கான்ட் தினமும் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார். எழுப்புவதற்கென்றே லாம்பே என்ற பணியாள் இருந்தார். ‘இன்னும் கொஞ்சம் தூங்குகிறேன்’ என்று தானே கெஞ்சினாலும் விடக்கூடாது என்பது அவருக்குப் போட்டிருந்த உத்தரவு. ரெனே டெகார்ட் நேர் எதிர். முற்பகல் வெகுநேரம் வரை படுக்கையில் கிடந்தபடியே யோசிப்பவர். 1649இல் சுவீடன் அரசி கிறிஸ்டினா அவரை வரவழைத்து, காலை ஐந்து மணிக்குப் பாடம் நடத்தச் சொன்னார். 1650 பிப்ரவரியில் நிமோனியாவில் டெகார்ட் இறந்துபோனார். பழியை முழுக்க ஐந்து மணிமேல் போட முடியாது, அங்கே அடித்த குளிரும் லேசுப்பட்டதில்லை. ஆனால் கான்ட்டின் காலையை டெகார்ட்டுக்கு மாட்டிவிட்டால் டெகார்ட் கான்ட்டாகிவிட மாட்டார்.

ஒருவருக்கு எந்த நேரத்தில் தூக்கம் வருகிறது, எந்த நேரத்தில் மூளை சுறுசுறுப்பாகிறது என்பதில் பரம்பரைக்கும் வயதுக்கும் பங்கு உண்டு. பதின்வயதில் உடல் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகிறது, வயதாக ஆக முன்னால் வருகிறது. தாத்தா நாலரைக்கு எழுந்து நடமாடுவதும் பேரன் ஒன்பது மணிக்கும் அசையாமல் கிடப்பதும் வெறும் ஒழுக்கப் பிரச்சினை இல்லை.

ஐந்து மணிக்காரர்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. யாரும் அழைக்காத, எந்தச் செய்தியும் வராத ஒரு மணி நேரம் நாளின் வேறு எந்தப் பகுதியிலும் கிடைக்காது. வீட்டில் கைக்குழந்தையோ படுக்கையில் இருக்கும் பெரியவரோ இருந்தால், தனக்கென்று மிஞ்சுவது அந்த ஒரு மணி நேரம்தான். நானும் அந்த அமைதியை அனுபவித்தேன், மறுக்கவில்லை. சிக்கல் கணக்கில் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ வல்லுநர்கள் 2015இல் பரிந்துரைத்தார்கள். ஐந்துக்கு எழ வேண்டுமானால் இரவு பத்துக்கு தூங்கியிருக்க வேண்டும். பத்துக்குப் படுத்து, புரண்டு, பத்தே முக்காலுக்கு அசந்தால் போதாது. இரவு ஒன்பதரைக்கு வீட்டைச் சாத்த முடியாதவர் ஐந்துக்கு எழுவது, ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போட்டுக்கொள்வதுதான்.

இதில் இன்னொரு வலை இருக்கிறது. வாரம் முழுக்க ஐந்துக்கு எழுந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒன்பதுக்கு எழுவது. தூரதேசம் பறந்துபோய் இரண்டு நாளில் திரும்பி வருபவரின் உடல் படும் பாட்டை, வீட்டை விட்டு நகராமலே பட்டுவிடலாம். ஜெர்மன் ஆய்வாளர் டில் ரோனபெர்க்கும் அவருடன் வேலை செய்தவர்களும் 2006இல் இதற்கு ‘சமூக ஜெட்லாக்’ என்றே பெயர் வைத்தார்கள். தினமும் ஏழுக்கு எழுபவரை, ஐந்து நாள் ஐந்துக்கும் இரண்டு நாள் ஒன்பதுக்கும் எழுபவரோடு ஒப்பிட்டால், என் ஓட்டு ஏழு மணிக்காரருக்கு.

மணி பார்ப்பதா, வரிசை பார்ப்பதா?

என் முதல் தாள் எதனால் கிழிந்தது என்று யோசித்தபோது, ஐந்து மணியைவிடப் பெரிய குற்றவாளி ஒன்று தெரிந்தது. ஒவ்வொரு செயலையும் கடிகாரத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தேன். ரயில் ஒரு நிலையத்தில் தாமதமானால் அடுத்த எல்லா நிலையத்திலும் தாமதம்தான். பத்து நிமிடம் பிந்தினால் மிச்சம் உள்ள காலை முழுவதும் தோல்விக் கணக்கில் போய்விடும்.

இதற்குப் போட்டியான முறையில் மணியே கிடையாது, வரிசை மட்டும்தான். ஒரு செயல் முடிவதே அடுத்ததற்கு அழைப்பு. என் வரிசையில் ஐந்து கண்ணிகள்: படுக்கையைச் சரிசெய்வது, பல் துலக்குவது, ஒரு டம்ளர் தண்ணீர், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவது, திரும்பி வந்து மேஜையில் நோட்டைத் திறப்பது. பிரஷ்ஷைத் திரும்ப வைக்கும்போது கண்ணாடி டம்ளரில் ‘டங்’ என்று ஒரு சத்தம் வரும். இப்போது அந்தச் சத்தம் கேட்டாலே கை தானாகத் தண்ணீர்ப் பக்கம் போகிறது. எட்டு மணிக்கு எழுந்தாலும் அதே டங், அதே தண்ணீர்.

‘இது நடந்ததும் அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள், வெறுமனே ‘செய்ய வேண்டும்’ என்று நினைப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலேயே எடுத்துக்காட்டினார். வரிசை முறையின் பலமும் அந்த முடிச்சில்தான் இருக்கிறது. இன்னொரு வசதி, ஒவ்வொரு கண்ணியும் நீளும், சுருங்கும். வெளியே நடப்பது நல்ல நாளில் இருபத்தைந்து நிமிடம், மோசமான நாளில் வாசலில் மூன்று நிமிடம். ஐந்தும் சேர்ந்து ஒரு நாள் ஒரு மணி நேரம் ஆகும், இன்னொரு நாள் பதினோரு நிமிடத்தில் முடியும். பதினோரு நிமிடத்தில் முடிந்த நாளும் செய்த நாள்தான்.

21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் 12 வாரம் நடத்திய ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். அதே ஆய்வில் எனக்குப் பிடித்தது இன்னொன்று: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் பெரிதாகக் கெட்டுவிடவில்லை. ஒன்பதாம் நாள் போர்வையை இழுத்துக்கொண்டபோது இது தெரிந்திருந்தால் நான்கு மாதம் மிச்சமாகியிருக்கும்.

அட்டவணைக்கு மரியாதையே இல்லையா என்றால், இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க அரசியல்வாதியும் விஞ்ஞானியுமான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் நாளுக்குக் கட்டம் போட்டு வைத்தவர். ஐந்து முதல் எட்டு வரை ஒரே கட்டம்: எழுவது, குளிப்பது, வேண்டுவது, அன்றைய வேலையைத் தீர்மானிப்பது, படிப்பது, சாப்பிடுவது எல்லாம் அதற்குள் அடக்கம். என்னைப் போல ஐந்து நிமிடக் கணக்கெல்லாம் இல்லை. அப்படியும், தான் பழக நினைத்த குணங்களிலேயே ‘ஒழுங்கு’தான் தனக்கு அதிகத் தொல்லை கொடுத்தது என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆக, நான் அட்டவணையிலிருந்து ஒரே ஒரு மணியை மட்டும் கடன் வாங்கினேன். தொடங்கும் மணி அல்ல, முடிக்கும் மணி. 8.15க்கு நோட்டு மூடப்பட வேண்டும், எந்தக் கண்ணியில் நின்றாலும் சரி. பஸ்ஸையோ பள்ளி மணியையோ பிடிக்க வேண்டியவர்களுக்கு இந்த ஒரு மணி இல்லாவிட்டால் வரிசை முறை இழுத்துக்கொண்டே போகும்.

மொபைல்: கையிலா, அடுத்த அறையிலா?

எழுந்ததும் மொபைலைத் தொடாதே என்று சொல்வது சுலபம். அலாரமே அதற்குள் இருக்கும்போது தொடாமல் எப்படி அணைப்பது? அணைத்த அதே விரலுக்குக் கீழே பதினேழு செய்திகள். அதில் ஒன்று மேலதிகாரியிடமிருந்து. அப்புறம் பல் துலக்கும்போது மனசுக்குள் பதில் எழுதிக்கொண்டிருப்போம்.

மன உறுதியை நம்பி மொபைலைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டேன், தோற்றேன். ஏரோபிளேன் மோடில் போட்டேன். நன்றாகத் தூங்கிய நாட்களில் அது பலித்தது, தூங்காத நாட்களில் தானாகவே விரல் அதை எடுத்துவிட்டது. மூன்றாவதாக, சார்ஜரை ஹாலுக்கு மாற்றிவிட்டு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கினேன். முதல் இரவு அதன் டிக் டிக் சத்தத்தில் தூக்கமே வரவில்லை. துண்டில் சுற்றி மேஜை டிராயருக்குள் வைத்தேன், அப்போதும் கேட்டது. நான்காம் நாளிலிருந்து கேட்கவில்லை, காது பழகிவிட்டது. மூன்றில் தூக்கம் கெட்ட நாளிலும் நின்றது இது மட்டும்தான், ஏனென்றால் இதற்கு மன உறுதி தேவையில்லை, தூரம் போதும். இரவில் அவசர அழைப்பு வரக்கூடிய வேலையில் இருப்பவர்கள் சத்தத்தை உயர்த்தி வைத்து ஹாலிலேயே விடலாம். மணி அடித்தால் கேட்கும், செய்தி வந்தால் கண்ணில் படாது.

திட்டம் காலையிலா, இரவிலா?

காலையில் தெளிவான மனதோடு உட்கார்ந்து அன்றைய வேலைகளை எழுதுவது அழகான யோசனை. ஆனால் தூக்கம் முழுதாகக் கலைவதற்கே பலருக்குப் பதினைந்து முதல் முப்பது நிமிடம் ஆகும், தூக்கம் போதாவிட்டால் இன்னும் இழுக்கும். அந்தக் கலக்கத்தில் போடும் பட்டியலில் முக்கியமானதை விட, முதலில் ஞாபகம் வந்ததே மேலே இருக்கும்.

இரவுப் பட்டியலுக்கு ஆதரவாக ஒரு ஆய்வு உண்டு. 2018இல் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்கவைத்தார்கள். படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம், பாதிப் பேர் இனி செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள், மீதிப் பேர் ஏற்கெனவே செய்து முடித்தவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கிப்போனார்கள். அதிலும் விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். நாளைய கவலையைப் பேசிப் பேசி மூளை விழித்திருக்கிறது, தாளில் இறக்கி வைத்தால் விட்டுவிடுகிறது போல.

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இரவுதான். காலையில் நோட்டைத் திறந்து, இரவில் எழுதிய மூன்று வரியில் எதை முதலில் செய்வது என்று ஒரு வட்டம் போடுவதோடு சரி.

உடம்பா, மூளையா, காபியா?

முதலில் உடற்பயிற்சியா, கடினமான வேலையா என்பதில் நான் ரொம்ப மல்லுக்கட்டவில்லை. தூக்கக் கலக்கம் தீராத அரை மணி நேரத்தில் மூளை வேலை செய்து பிரயோஜனமில்லை என்பதால், அந்த நேரத்தை உடம்புக்குக் கொடுத்துவிடலாம். அதுவும் கூரைக்கு வெளியே. வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், வீட்டுக்குள் விளக்கு வெளிச்சம் பெரும்பாலும் சில நூறுதான். மேகம் மூடிய பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். உடல் கடிகாரம் நேரத்தைச் சரிசெய்துகொள்வது முக்கியமாகக் கண் வழியாக வரும் வெளிச்சத்தை வைத்து என்பதால், வாசலில் நிற்கும் மூன்று நிமிடத்தை நான் விடுவதே இல்லை.

அலாரத்தைச் சில நிமிடம் தள்ளிப்போடும் ஸ்னூஸ் பட்டனைப் பெரிய பாவமாக நினைத்திருந்தேன். 2023இல் வந்த ஒரு சுவீடன் ஆய்வில், வழக்கமாக அரை மணி நேரம் ஸ்னூஸ் போடுபவர்களுக்கு அதனால் மூளைச் செயல்பாடு கெட்டதாகத் தெரியவில்லை. ஆய்வு சிறியது, ஆனாலும் கொஞ்சம் நிம்மதி. காபியை எழுந்தவுடன் குடிப்பதா, தள்ளிப்போடுவதா என்று சண்டை போடுபவர்கள் மாலைக் காபியைக் கவனிக்கலாம். உடலில் கஃபீன் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி, இரவு பதினோரு மணிக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கும். அடுத்த நாள் காலையைக் கெடுப்பது அது.

போன வாரம் ஒரு நாள் இரவு இரண்டு மணி வரை தூங்க முடியவில்லை. காலையில் டிராயருக்குள் கடிகாரம் அடித்தது, எழுந்து அணைத்தேன். போர்வையை ஒரு உதறு உதறிப் போட்டேன். டங். தண்ணீர். வாசலில் மூன்று நிமிடம் நின்றேன், எதிர்வீட்டுப் பூனை மதில்மேல் உட்கார்ந்து முறைத்தது. திரும்பி வந்து நோட்டைத் திறந்தால், முந்தின இரவு எழுதிய மூன்று வரி இருந்தது. அதில் இரண்டாவதை வட்டமிட்டேன்: பல் டாக்டருக்கு போன். மணி 8.02.