தளம் கட்டி முடிந்தது, ஏற்றுவது எதில்?

வலைத்தளம் கட்டுவதைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். கட்டியதைச் சர்வரில் ஏற்றுவது எப்படி என்று கேட்டால் "ஃபைல்சில்லா போட்டுக்கோ, போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நானும் அப்படிக் கேட்டுத்தான் ஆரம்பித்தேன். பன்னிரண்டு வருடத்தில் ஐந்தாறு மென்பொருள் மாற்றி, இப்போது இரண்டில் வந்து நிற்கிறேன். வேகத்துக்காகவோ அழகுக்காகவோ ஒருமுறைகூட மாற்றவில்லை. எதையாவது நானே கெடுத்துக்கொண்டு, இனிமேல் இப்படி ஆகக் கூடாது என்று தோன்றியபோதுதான் மாற்றினேன். அதனால் வசதிகளை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. எது எங்கே கையைச் சுட்டது என்று சொல்லத்தான் வரும்.

ஃபைல்சில்லாவில் ஆரம்பிப்பதில் தப்பே இல்லை. 2001இலிருந்து இருக்கிறது. இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இடப்பக்கம் நம் கணினி, வலப்பக்கம் சர்வர், கீழே காத்திருக்கும் ஃபைல்களின் வரிசை, மேலே ஓடிக்கொண்டே இருக்கும் லாக், அதாவது சர்வரோடு நடக்கும் பேச்சின் பதிவு. "இங்கே இருப்பது அங்கே போகணும்" என்பதைப் புதியவருக்கு இவ்வளவு பளிச்சென்று காட்டும் திரையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. விண்டோஸில் இன்ஸ்டால் செய்யும்போது மட்டும் கூடவே வேறு மென்பொருளைப் பரிந்துரைக்கும் பக்கம் வரலாம். அவசரத்தில் "அடுத்து, அடுத்து" என்று தட்டிக்கொண்டே போகாதீர்கள்.

மேலே ஓடும் அந்த லாகை முதல் ஒரு வருடம் நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விஷயமெல்லாம் அதில்தான் இருக்கிறது. 226 வந்தால் ஃபைல் போய்ச் சேர்ந்துவிட்டது. 530 என்றால் லாகின் தவறு. 550 என்றால் அப்படி ஒரு ஃபைல் இல்லை, அல்லது அதைத் தொட நமக்கு அனுமதி இல்லை. 421 என்றால் சர்வர் கதவைச் சாத்துகிறது, பெரும்பாலும் ஒரே நேரத்தில் நாம் நிறைய இணைப்புகள் திறந்ததால். ஃபைல்களை இப்படி அனுப்பும் முறைக்குப் பெயர் எஃப்டிபி, அதன் முதல் வரைவை அபய் பூஷன் 1971இல் எழுதினார். மேலே சொன்ன எண்கள் 1985இல் வந்த ஆர்எஃப்சி 959 என்ற விதிமுறை ஆவணத்தில் இருப்பவை. எந்த எஃப்டிபி மென்பொருளுக்கு மாறினாலும் இதே எண்கள்தான் வரும் என்பதால், நாலைந்தை மனசில் போட்டுவைத்தால் நஷ்டமில்லை.

அந்த லாக்தான் ஒருநாள் என்னைக் காட்டிக்கொடுத்தது. வலப்பக்கத்தில் இமேஜஸ் ஃபோல்டரைத் திறக்கப் போனேன். கிளிக் செய்யும்போது மவுஸ் நழுவி, ஃபோல்டர் அதற்கு மேலே இருந்த சிஎஸ்எஸ் ஃபோல்டருக்குள் போய் விழுந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தளத்தைத் திறந்தால் ஒரு படம்கூட இல்லை. ஹோஸ்டிங்காரர்கள் எதையோ அழித்துவிட்டார்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அரை மணி நேரம் எல்லாப் படங்களையும் திரும்ப ஏற்றினேன். பிறகு லாகை மேலே தள்ளிப் பார்த்தால், ஆர்என்எஃப்ஆர் என்று ஒரு வரி, அடுத்து ஆர்என்டிஓ என்று ஒரு வரி. இந்தப் பெயரிலிருந்து, இந்தப் பெயருக்கு. எஃப்டிபியில் ஒன்றை நகர்த்துவது என்றாலே பெயர் மாற்றுவதுதான், அதனால் நூற்றுக்கணக்கான படங்கள் ஒரு நொடியில் இடம் மாறிவிட்டன. திட்டியதையெல்லாம் எனக்கே திருப்பிக்கொண்டேன். நம் கணினியில் கன்ட்ரோல் இசட் உண்டு, சர்வரில் கிடையாது.

பாஸ்வேர்ட் பற்றியும் சொல்லியாக வேண்டும். சேமித்த பாஸ்வேர்டுகளை ஃபைல்சில்லா பல வருடம் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலில் பூட்டில்லாமல் வைத்திருந்தது. 2009இல் கம்ப்ளர் என்ற மால்வேர் பரவியபோது, கணினிகளில் கிடைத்த எஃப்டிபி லாகின்களைத் திருடி, அதே லாகினில் தளங்களுக்குள் நுழைந்து பக்கங்களில் தன் ஸ்கிரிப்டைச் செருகியது. ஃபைல்சில்லாவில் மாஸ்டர் பாஸ்வேர்ட் வந்தது 2017இல், 3.26 பதிப்பில்தான். இப்போதும் அதை நாமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுங்கள்.

அதைவிட முக்கியம், வெறும் எஃப்டிபியை விட்டுத்தொலைப்பது. அதில் பாஸ்வேர்ட் வழியெல்லாம் அப்படியே வாசிக்கக்கூடிய எழுத்தாகப் போகிறது. பேச்சைப் பூட்டி அனுப்பும் எஸ்எஸ்ஹெச் என்ற இணைப்பு முறையை டாட்டு யிலோனென் 1995இல் எழுதியதே, அவருடைய பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடியதால்தான். எஸ்எஃப்டிபி அந்த எஸ்எஸ்ஹெச் வழியாக 22ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது சர்வரின் எண்ணிட்ட வாசல்) போவது. எஃப்டிபிஎஸ் என்பது வேறு. பழைய எஃப்டிபிக்கே டிஎல்எஸ் என்ற மறையாக்கக் கவசம் மாட்டியது அது, வழக்கமாக அதே 21ஆம் போர்ட். எழுத்து இடம் மாறியதுபோலத்தான் இருக்கும், ஆனால் வம்சமே வேறு. ஒன்றுக்கான விவரத்தை இன்னொன்றில் போட்டுவிட்டு "கனெக்ட் ஆகமாட்டேன் என்கிறது" என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எஸ்எஃப்டிபியில் முதல்முறை இணையும்போது சர்வரின் சாவிக் கைரேகையை, அதாவது அதை அடையாளம் காட்டும் எழுத்து வரிசையை, காட்டிக் கேட்கும். ஹோஸ்டிங் பேனலில் அது கொடுத்திருந்தால் ஒப்பிட்டுவிட்டு ஓகே அழுத்துங்கள். என்றாவது ஒருநாள் அது திடீரென்று மாறிவிட்டதாகச் சொன்னால், அன்றைக்கு ஓகே அழுத்தாதீர்கள். முதலில் ஹோஸ்டிங்காரரைக் கேளுங்கள்.

எஸ்எஃப்டிபிக்கு மாறினால் இன்னொரு தலைவலியும் போகும். எஃப்டிபி பேச்சுக்கு ஒரு இணைப்பு, சரக்குக்கு வேறு இணைப்பு வைத்துக்கொள்ளும். ஃபயர்வால் இரண்டாவதைத் தடுத்துவிட்டால் லாகின் ஆகும், ஃபைல் பட்டியல் மட்டும் வராது. சரக்கு இணைப்பை ஒவ்வொரு ஃபைலுக்கும் புதிதாகத் திறப்பதால், பத்து எம்பி ஒரே ஃபைலாக இருந்தால் ஓடிவிடும், அதே பத்து எம்பி மூவாயிரம் குட்டி ஃபைலாக இருந்தால் ஆமை வேகம்தான். அந்த நேரத்தில் ஃபைல்சில்லாவில் ஒரே சமயத்தில் போகும் ஃபைல்களை இரண்டிலிருந்து பத்தாக உயர்த்துவதைவிட, ஜிப் செய்து ஏற்றி ஹோஸ்டிங் பேனலிலேயே பிரித்துக்கொள்வது நல்லது.

ஃபைல்சில்லாவை நான் தள்ளிவைத்ததற்குக் காரணம் இதில் எதுவும் இல்லை. ஒரு இரவு முகப்புப் பக்கத்தில் இரண்டு வரி திருத்தி ஏற்றினேன். 552 வந்தது. ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். பழைய பேக்கப் ஜிப்களை நானே அங்கே குவித்துவைத்திருந்தேன். சரி, புது ஃபைல் போகவில்லை, பழையது இருக்குமே என்று தளத்தைத் திறந்தால் வெள்ளைத் திரை. சர்வரில் இன்டெக்ஸ் ஃபைல் இருந்தது, அளவு பூஜ்யம் பைட். மேலெழுதுவது என்றால் சர்வர் முதலில் பழையதைக் காலி செய்துவிட்டுத்தான் புதியதை எழுத ஆரம்பிக்கிறது. நடுவில் எது நின்றாலும் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

அன்றிலிருந்து எந்த மென்பொருளைப் பார்த்தாலும் எனக்கு இரண்டே கேள்விதான். புது ஃபைல் போய்க்கொண்டிருக்கும்போது பழைய ஃபைல் எங்கே இருக்கிறது? எதையெல்லாம் தொடப்போகிறாய் என்று முன்கூட்டியே சொல்வாயா?

இந்த இரண்டுக்கும் நேராகப் பதில் சொன்னது வின்எஸ்சிபி. 2000இலிருந்து இருக்கும் இலவச மென்பொருள், விண்டோஸுக்கு மட்டும். எஸ்எஃப்டிபியில் ஏற்றும்போது ஃபைலை முதலில் ஃபைல்பார்ட் என்ற வால் வைத்த தற்காலிகப் பெயரில் எழுதும், முழுசாக வந்து சேர்ந்ததும்தான் உண்மைப் பெயருக்கு மாற்றும். இணைப்பு அறுந்தாலும், இடம் நிரம்பினாலும், பழைய பக்கம் அதுபாட்டுக்கு இருக்கும். ஒரு சின்ன விஷயம்: வழக்கமான அமைப்பில் இது 100 கேபிக்கு மேற்பட்ட ஃபைல்களுக்குத்தான். நம் எச்டிஎம்எல் எல்லாம் அதற்குக் கீழேதான் இருக்கும். அமைப்புகளில் டிரான்ஸ்ஃபர் பகுதிக்குள் என்டியூரன்ஸ் என்ற பக்கத்தில் "எல்லா ஃபைல்களுக்கும்" என்று மாற்றிவிடுங்கள். நான் இன்ஸ்டால் செய்ததும் செய்யும் முதல் வேலை அது.

இரண்டாவது கேள்விக்கு அதன் சிங்க்ரனைஸ் திரை. இங்கே இருக்கும் ஃபோல்டரையும் அங்கே இருக்கும் ஃபோல்டரையும் ஒப்பிட்டு, எது மாறியிருக்கிறது, எது புதிது, எதை அழிக்கப்போகிறது என்று வரிவரியாக அம்புக்குறி போட்டுக் காட்டும். ஒவ்வொரு வரிக்கும் டிக். வேண்டாததை எடுத்துவிட்டு ஓகே கொடுத்தால் போதும். மூன்று ஃபைல் மாற்றியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அந்தத் திரையைத் திறந்து, பதினேழு வரி கண்ட நாட்கள் உண்டு. அந்தப் பதினாலில் எத்தனை பிழை முன்கூட்டியே பிடிபட்டது என்று கணக்கே இல்லை.

ஒப்பிடுவது எதை வைத்து என்பதில்தான் நான் ஒரு தடவை வழுக்கினேன். நேரத்தை வைத்து ஒப்பிட்டால், தளத்தைத் தானாக உருவாக்கித்தரும் ஹியூகோ போன்ற கருவிகளோடு சிக்கல். அவை ஒவ்வொரு முறையும் எல்லாப் பக்கத்தையும் புதிதாக எழுதுவதால், ஒரு பக்கம் திருத்தினாலும் மொத்தத் தளமும் மாறியதாகக் காட்டும். சாமர்த்தியமாக அளவை வைத்து ஒப்பிடச் சொன்னேன். புத்தாண்டு அன்று எல்லாப் பக்கத்தின் அடியிலும் 2021ஐ 2022 ஆக்கினேன். சிங்க்ரனைஸ் கொடுத்தால், வித்தியாசமே இல்லை என்று வந்தது. சரிதானே, ஒரு எழுத்துக்குப் பதில் ஒரு எழுத்து, அளவு அப்படியே இருக்கிறது. பிப்ரவரியில் ஒரு வாசகர் சொல்லித்தான் தெரிந்தது.

சைபர்டக்கைப் பற்றி அதிகம் இல்லை. மேக்கிலும் விண்டோஸிலும் ஓடும், ஒற்றைப் பலகம், எஸ்3 போன்ற கிளவுட் சேமிப்பிலும் ஏற்றும். மாதம் ஒருமுறை நாலு ஃபைல் இழுத்துப் போடுபவருக்கு இதுவே தாராளம். இரண்டு பக்கத்தையும் அருகருகே பார்த்துப் பழகிய எனக்கு அதில் கண்ணைக் கட்டிவிட்டதுபோல இருந்தது. ஒரு மாதத்தில் விட்டுவிட்டேன்.

இப்போது என் தளங்களுக்கு ஆர்சிங்க். 1996இல் ஆண்ட்ரூ டிரிஜெலும் பால் மக்கரஸும் உருவாக்கியது. ஜன்னலும் இல்லை, பொத்தானும் இல்லை, கமாண்ட் மட்டும். ஹோஸ்டிங்கில் எஸ்எஸ்ஹெச் லாகின் வேண்டும், மலிவான திட்டங்களில் அது இல்லாமல் போகலாம். இருந்தால் விடாதீர்கள். பெரிய ஃபைலில் ஒரு மூலை மாறியிருந்தால் மாறிய துண்டை மட்டும் அனுப்பும். தற்காலிகப் பெயரில் எழுதிவிட்டுப் பெயர் மாற்றுவது அதன் இயல்பான குணம், எங்கேயும் டிக் போடத் தேவையில்லை. செக்சம் தேர்வைக் கொடுத்தால் நேரத்தையும் அளவையும் நம்பாமல் உள்ளடக்கத்தையே ஒப்பிடும், புத்தாண்டுக் கதை திரும்ப நடக்காது.

ஆனால் விளையாட்டுச் சாமான் இல்லை. ஃபோல்டர் பெயரின் கடைசியில் ஒரு சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பதை அனுப்பும், இல்லாவிட்டால் ஃபோல்டரையே தூக்கிக்கொண்டு போய் வைக்கும். டெலிட் தேர்வைச் சேர்த்தால் நம்மிடம் இல்லாதது அங்கேயும் இருக்கக் கூடாது என்று அழித்துவிடும். வாசகர்கள் ஏற்றிய ஃபைல்கள் சர்வரில் மட்டும் இருக்கும் தளமென்றால் யோசித்துப் பாருங்கள். அதனால் நான் எப்போதும் டிரை ரன் முதலில் ஓட்டுவேன். அது எதையும் தொடாமல், தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பட்டியல் மட்டும் தரும். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டி அங்கிருந்து அனுப்புபவர்கள் அனுமதி எண்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். சி டிரைவில் இருக்கும் ஃபைல்கள் 777 என்று, அதாவது யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று போய் உட்காரலாம். ஃபைலுக்கு 644, ஃபோல்டருக்கு 755 என்று கமாண்டிலேயே சொல்லிவிட வழி இருக்கிறது.

எந்த மென்பொருளும் காப்பாற்றாத ஒரு பிழையும் உண்டு. படத்தின் பெயருக்குக் கடைசியில் பெரிய எழுத்தில் பிஎன்ஜி, பக்கத்தில் எழுதியது சின்ன எழுத்தில். விண்டோஸில் எல்லாம் ஒன்றுதான், லினக்ஸ் சர்வரில் அவை இரண்டு வேறு ஃபைல்கள். ஏற்றும் மென்பொருளை மாற்றிப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். புள்ளியில் தொடங்கும் ஹெச்டி ஆக்சஸ் என்ற சர்வர் அமைப்பு ஃபைல் "காணாமல் போவதும்" இதே வகைதான். சர்வர் மறைத்துக் காட்டுகிறது, ஃபைல்சில்லாவில் மறைந்தவற்றையும் காட்டச் சொல்லலாம்.

தளத்தை வேறொருவரிடம் ஒப்படைக்கும்போது மட்டும் அவர் கணினியில் வின்எஸ்சிபியும், மேக் என்றால் எஸ்எஃப்டிபி போட்ட ஃபைல்சில்லாவும் வைத்துக்கொடுக்கிறேன். மேக்கில் வின்எஸ்சிபி இல்லாதது எனக்குத் தீராத குறை.

என்னுடைய ஸ்கிரிப்ட் சின்னதுதான். டிரை ரன் ஓடும், பட்டியலைக் காட்டும், ஒய் அழுத்தினால் நிஜமாக ஓடும். போன வாரம் ஒரு பக்கத்தில் தேதி ஒன்றைத் திருத்தினேன். ஒரு வரி வரும் என்று பார்த்தால் "டெலீட்டிங், டெலீட்டிங்" என்று திரை நிறைய ஓடுகிறது. தளத்தை உருவாக்கும் கமாண்ட் பாதியில் நின்று, அனுப்ப வேண்டிய ஃபோல்டர் ஏறக்குறைய காலியாக இருந்திருக்கிறது. விரலை ஒய் மேலிருந்து எடுத்து கன்ட்ரோல் சி அழுத்தினேன். திரும்ப உருவாக்கி ஓட்டியபோது ஒரே ஒரு வரி வந்தது.