வைமானிக சாஸ்திரம்: ஏலியனைத் தேடி வாங்கிய புத்தகம்

ஏலியன்கள்தான் நம் முனிவர்களுக்கு விமானம் கட்டச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று வீடியோ மேல் வீடியோவாகக் கேட்டுக் காது புளித்துப்போய், சரி, எல்லாரும் ஆதாரம் என்று தூக்கிக் காட்டும் புத்தகத்தையே படித்துவிடலாம் என்று ஆன்லைனில் வாங்கினேன். மைசூர் ஜி. ஆர். ஜோஸ்யர் 1973-ல் கொண்டுவந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் மறுபதிப்பு, ஆனால் எனக்கு வந்ததை ஜெராக்ஸ் என்றே சொல்லலாம். புத்தகம் விவரிக்கும் விமான வகைகளில் ஒன்றான ருக்ம விமானத்தின் படம் பாதி கருப்பாக அப்பிக் கிடக்கிறது, நடுவில் நாலு தாள் பசை விட்டுக் கையோடு வந்துவிட்டது.

படிக்கச் சுவாரசியம், அதை மறுக்கமாட்டேன். விமானி தெரிந்துகொள்ள வேண்டிய 32 ரகசியங்கள், அதில் எதிரி விமானத்தில் பேசுவதை ஒட்டுக்கேட்பதும் ஒன்று. பருவத்துக்குப் பருவம் விமானிக்குச் சாப்பாடுகூட மாறுகிறது: எருமைப்பால், துவரம்பருப்பு, ஆட்டுக்கறி என்று ஒரு பட்டியல். இவ்வளவு விவரமாகச் சொல்லும்போது ஒரு நிமிஷம் நம்பத்தான் தோன்றுகிறது.

ஏலியன்? உலகம் விட்டு உலகம் போவது என்று விமானத்துக்கு விளக்கம் வருகிறது, அவ்வளவுதான். சொல்வது பரத்வாஜ முனிவராம், வேற்றுக்கோள் வாத்தியார் யாரும் இல்லை. அந்த முனிவர் கதையும் நிற்கவில்லை, ஏனென்றால் இது ஆனேகல் சுப்பராய சாஸ்திரி என்பவர் 1918-லிருந்து 1923 வரை சொல்லச் சொல்ல இன்னொருவர் வடமொழியில் எழுதிக்கொண்டது. படங்கள் பெங்களூரில் ஒரு பொறியியல் கல்லூரி வரைவாளர் போட்டவை. 1974-ல் இந்திய அறிவியல் கழகத்தில் ஐந்து பேர் உட்கார்ந்து வரைபடம், வடமொழி நடை எல்லாவற்றையும் அலசி, 1904-க்கு முன்னால் எழுதியிருக்க வாய்ப்பில்லை, இதில் ஒன்றுகூடப் பறக்காது என்று சொல்லிவிட்டார்கள். ரைட் சகோதரர்கள் பறந்தது 1903 டிசம்பர், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ராமாயணத்துப் புஷ்பகம் பழசுதானே என்பார்கள். பழசுதான். ஆனால் கதை பழசு என்பதால் இயந்திரமும் இருந்ததாக ஆகிவிடுமா? அப்படிப் பார்த்தால் புறநானூறு 27-ல் 'வலவன் ஏவா வானவூர்தி' வருகிறது, ஓட்டுநர் இல்லாத வண்டி, உடனே சங்க காலத்து ட்ரோன் என்று ஒரு வீடியோ போட்டுவிடலாம். பாட்டை முழுசாகப் படித்தால், புலவர் பாடும் புகழ் பெற்றவர்கள் செத்த பிறகு வானுலகம் ஏறிப்போகும் ஊர்தி அது. ஓர் உலோகத் துண்டோ, உருகிய கலமோ, பட்டறைத் தடயமோ கிடைத்தால் சொல்லுங்கள், நானே முதல் ஆளாக வந்து பார்க்கிறேன்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், இரண்டுமே அந்தச் சாப்பாட்டுப் பட்டியலுக்கு. படங்களுக்காக வாங்குகிறவர்கள் அச்சு நன்றாக இருக்கும் பிரதியாகப் பார்த்து வாங்குங்கள். என்னுடையதைத் திருப்பி எடுக்கமாட்டார்களாம்.